மூன்று ஸ்கோப்பும் ஒரு சாக்பீஸும்

திருச்சானூர்
12 ஜூன் 2025

பிரேமலதாவுக்கு,

பாலையா எழுதுகிறேன். என் நம்பரை நீ ஃபோனில் அடைத்துவிட்டாய் என்று நாலு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை டவர் இல்லை என்று நினைத்து, தங்கியிருக்கிற ரூமின் மாடிக்கு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சரி, நாம் இரண்டு பேரும் சத்தியவேட்டில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்திருக்கிறோமே, எழுதியாவது கேட்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் கங்கம்மா ஜாத்திரையில் நடந்தது நடந்துவிட்டது. உன் கை ஆடியது, நான் துப்பாக்கியை இறக்கிவிட்டேன். பதினாறு வருஷமாகத் திருவிழாவுக்குத் திருவிழா நீ விரலில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், நான் முப்பது அடியில் இருந்து ஏர்கன்னால் அதை உடைக்கிறேன். நம் பலூன் சுடுகிற கடைக்குக் கூட்டம் சேர்வதே அந்த ஒரு சாக்பீஸைப் பார்க்கத்தான். ஒரு நாள் கை ஆடினால் குற்றமா? இல்லை. ஆனால் அதற்காகப் பலூன் கூடையை அப்படியே போட்டுவிட்டு நீ ஊருக்கு பஸ் ஏறியது ரொம்ப அதிகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் தாயார் பிரம்மோற்சவம் இருக்கிறது. அதற்குள் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் மாட்டலாம் என்று இருக்கிறேன். மேலே மாட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தக் குழாய்தான். அது இருந்தால் உன் கை கொஞ்சம் ஆடினாலும் நான் சமாளித்துக்கொள்வேன். தொள்ளாயிரம் ரூபாயிலும் இருக்கிறது, ஒன்பதாயிரத்திலும் இருக்கிறது, எல்லாம் ஒரே கறுப்புக் குழாய். நீ நாலு வருஷமாகத் தடா பக்கத்துக் கம்பெனியில் கேமரா லென்ஸ் செக் பண்ணுகிறவள். போடுகிற காசுக்கு நல்ல கண்ணாடி எது என்று உனக்குத்தானே தெரியும். எழுது.

சித்தூரில் ஹரிதாவுக்கு நர்சிங் பரீட்சை நடக்கிறது. நம் சண்டை எதையும் பெண்ணின் காதில் போடாதே.

பாலையா

*

வரதய்யபாளையம்
20 ஜூன் 2025

திரு. பாலையா அவர்களுக்கு,

என் கை ஆடவில்லை.

கம்பெனியில் எட்டு மணி நேரம் அரிசி அளவு லென்ஸை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்புகிறேன். என்னைச் சுற்றி இருப்பதெல்லாம் இருபது, இருபத்தி இரண்டு வயசுப் பெண்கள். நாற்பது வயசில் என்னை மட்டும் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? என் கைக்காகத்தான். புதிதாகச் சேருகிற பெண்களை சூப்பர்வைசர் என் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா கையப் பாருங்க, எப்டி பிடிச்சிக்கினு கீறாங்கன்னு" என்று காட்டுவார்.

அந்தக் கையைத்தான் நீங்கள் ஜாத்திரைக் கூட்டத்துக்கு முன்னால் வைத்து, மைக்கைக் கூட அணைக்காமல், "இன்னாடி கை இப்டி ஆடிக்கினு கீது? போ, ஓரமா குந்து!" என்று சொன்னீர்கள். கூட்டம் சிரித்தது. பானி பூரி வண்டிக்காரன்கூடச் சிரித்தான். நான் பஸ் ஏறினேன். நீங்கள் பின்னாலேயே வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு மாசம் ஆகிறது, வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஃபோனில் பேசினால் பத்தாவது வார்த்தையில் கத்துவீர்கள், அதனால்தான் அடைத்தேன்.

கேட்டதற்குப் பதில். பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள், நாலு மடங்கு பெரிதாகக் காட்டினால் உங்கள் முப்பது அடிக்கு மிச்சம். வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே சத்தம் வந்தால் வேண்டாம். நடுவில் மட்டும் இல்லாமல் ஓரத்திலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். நம்முடையது ஸ்பிரிங் துப்பாக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் உதைக்கும். மட்டமான ஸ்கோப்பில் குறி காட்டுகிற கோடு நாலு நாளில் நகர்ந்துவிடும், அதனால் ஸ்பிரிங் துப்பாக்கி உதையைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் இது என்ன எழுத்து? பத்து வரி விஷயத்துக்கு ஐந்து பக்கம். கடை போர்டு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றும் குருடி இல்லை.

பிரேமலதா

*

திருச்சானூர்
8 ஜூலை 2025

பிரேமலதா,

அவர்களாம், திருவாம். இருக்கட்டும்.

நீ சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு இரண்டு நடை மிச்சமாகியிருக்கும். திருப்பதியில் துப்பாக்கி ரிப்பேர் பண்ணுகிற பவன்குமாரிடம் போனேன். "அன்னா, பலூன் கடைக்கு இது போதும்" என்று தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு குட்டிக் குழாயைக் கொடுத்தான். ரூமுக்கு வந்து பார்த்தால் ஒரே புகை. சுவரில் ஒட்டிய சாக்பீஸ் கரைத்த சுண்ணாம்பு மாதிரித் தெரிந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக, மூவாயிரம் ரூபாய்க்கு, ஒன்பது மடங்கு வரைக்கும் காட்டுகிற குழாயை வாங்கினேன். அதிலும் புகை! சாக்பீஸ் பெரிதாகத் தெரிகிறது, புகையும் சேர்ந்து பெரிதாகத் தெரிகிறது.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். "எவனும் இப்டி கம்ப்ளைன்ட் பண்ணல அன்னா" என்கிறான். எவனும் பண்ணாவிட்டால் நானும் பண்ணக் கூடாதா? அந்தக் கோபத்தில் திருச்சானூருக்கு ஏறுவதற்குப் பதிலாக சந்திரகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் பஸ் போர்டை என்ன மையில் எழுதுகிறார்களோ, ஒரு எழுத்து உருப்படியாகத் தெரிவதில்லை.

சாப்பாடு மெஸ்ஸில். பக்கத்து வளையல் கடை மணியம்மா தினமும் "பிரேமா எப்ப வரும்?" என்று கேட்டு உயிரை எடுக்கிறாள். பிரம்மோற்சவத்துக்கு வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று தெளிவாக எழுது.

பாலையா

*

வரதய்யபாளையம்
18 ஜூலை 2025

மாமாவுக்கு,

கோபம் போகவில்லை. திரு போட்டு எழுதக் கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கிய இரண்டும் பெரிய துப்பாக்கிக்குச் செய்தவையாக இருக்கும். நூறு கஜம் தள்ளி இருப்பதைத்தான் அவை தெளிவாகக் காட்டும். பத்து கஜத்தில் சாக்பீஸை வைத்தால் புகையாகத்தான் தெரியும், பவன்குமாரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிற ஸ்கோப் கேளுங்கள். அந்த வளையத்தில் தூரம் எழுதியிருக்கும், பத்து கஜம் வரைக்கும் இறங்குகிறதா பாருங்கள். அதைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பதும் தெளியும். நாலாயிரம், ஐயாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது டப்பாவில் போட்ட படத்துக்குத்தான்.

கம்பெனியில் எனக்கு ஒரு அவமானம் நடந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஜாத்திரை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், தொடர்ந்து மூன்று ட்ரே லென்ஸை ரிஜெக்ட் பண்ணினேன். எல்லாவற்றிலும் மங்கல் தெரிந்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் மூன்று ட்ரேயைத் தள்ளினால் சரக்கைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், முதலில் பார்க்கிற ஆளை மாற்றுவார்கள். பக்கத்து மேஜை ரேஷ்மாவிடம் அதே மூன்று ட்ரேயைக் கொடுத்தார்கள். எல்லாம் பாஸ். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, ட்ரேவுல ஒண்ணுமில்ல. உன் கண்ணுல தண்ணி நிக்குது" என்றாள். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் இப்படி நின்றதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். வளையம் இருக்கிறதை வாங்குங்கள்.

பிரேமலதா

*

திருச்சானூர்
10 ஆகஸ்ட் 2025

பிரேமாவுக்கு,

நீ அழுதாய் என்று படித்த அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

வளையம் வைத்த ஸ்கோப் வாங்கிவிட்டேன். நாலாயிரத்து எண்ணூறு. குலுக்கினேன், சத்தம் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருப்பதாகப் பவன்குமார் படித்துக் காட்டினான். அவனே துப்பாக்கியில் மாட்டி, திருகை இறுக்கி, முப்பது அடியில் சுட்டுச் சரிபார்த்துக் கொடுத்தான். அவன் சுட்டபோது சரியாகத்தான் பட்டது.

என் கைக்கு வந்ததும் பழைய கதைதான். வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், எண்ணெய்க் காகிதத்தின் வழியாகப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. சாயங்காலம் கோயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வட்டம். மூன்று ஸ்கோப் மாற்றிவிட்டேன் பிரேமா, மூன்றும் தண்டம். எல்லாரும் திருட்டுப் பசங்கள்! இதைக் கொடுத்துவிட்டு ஒன்பதாயிரம் ரூபாய்க்காரனையே வாங்கிவிடப் போகிறேன்.

அது வந்துவிட்டால் பழைய மாதிரி சாக்பீஸ் ஆட்டத்தை ஆரம்பித்துவிடலாம். பிரம்மோற்சவத்தின் முதல் நாளே நீ வந்து நின்றால் போதும். லீவு சொல்லி வை.

பாலையா

*

வரதய்யபாளையம்
17 ஆகஸ்ட் 2025

மாமா,

ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒன்பதாயிரத்துக்கும் வாங்காதீர்கள்.

மூன்று ட்ரே தள்ளியாகிவிட்டது. பார்க்கிற ஆளை மாற்றுங்கள். கடையைத் திறந்ததும் ஸ்கோப்பை மணியம்மா கையில் கொடுத்துக் கோயில் கோபுரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று அது சொல்வதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் நீங்கள் ஸ்கோப் இல்லாமல், இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அதே கோபுரத்தைப் பாருங்கள். உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதையும் எழுதுங்கள்.

மணியம்மாவுக்கு ஃபோன் போட்டு நானே கேட்டுவிடலாம். வேண்டாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஃபோனில் எதையாவது சொல்லி மழுப்புவீர்கள், காகிதத்தில் உங்களுக்கு அது வராது.

கையை நீட்டிக்கொண்டு நிற்கப் போகிறவள் நான். எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

பிரேமா

*

திருச்சானூர்
6 செப்டம்பர் 2025

பிரேமாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்றுத்தான் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் இருந்து கழற்றி மணியம்மாவிடம் கொடுத்தேன்.

"ஐயய்யோ, இன்னாய்யா இது! கோபுரத்து மேல புறா ரெக்கைய கோதிக்கினு கீது, அதுகூட தெரியுதே! இன்னா வெல?" என்றாள். அதைக் கண்ணில் வைத்தபடியே அந்தத் தெருவையே ஒரு சுற்று பார்த்தாள். கோடியில் இருக்கிற டெய்லர் கடை போர்டில் அவன் ஃபோன் நம்பரைப் படித்தாள். எனக்கு அங்கே ஒரு போர்டு இருப்பதே தெரியவில்லை.

அப்புறம் நீ சொன்னபடி இடது கண்ணை மூடினேன். கோபுரம் இல்லை. மஞ்சளாக ஏதோ ஒன்று நின்றது.

இனி மறைத்து என்ன? ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை பிரேமா. முதல் ஸ்கோப் வாங்கும்போதே எனக்குள் சந்தேகம் இருந்தது. மூன்றாவது வாங்கும்போது எனக்குத் தெரியும்.

ஜாத்திரையில் நடந்ததைக் கேள். அன்றைக்கு உன் கையில் எனக்கு இரண்டு சாக்பீஸ் தெரிந்தது. ஒன்று நிஜம், ஒன்று நிழல். இடது பக்கத்தில் இருப்பதுதான் நிஜம் என்று நானாக முடிவு பண்ணிக் குறி வைத்தேன். ட்ரிக்கரில் விரலும் வைத்துவிட்டேன். அப்போது நீ வழக்கம்போலக் கட்டைவிரலை லேசாக அசைத்து 'ரெடி' காட்டினாய். நான் குறி வைத்திருந்தது அசைந்தது. சாக்பீஸ் எப்படி அசையும்? நான் குறி வைத்திருந்தது உன் கட்டைவிரலை.

துப்பாக்கியை இறக்கினேன். எதிரில் இருநூறு பேர், கையில் மைக். கண் தெரியவில்லை என்று சொன்னால் பலூன் சுடக்கூட எவன் நம் கடைக்கு வருவான்? வாயில் முதலில் வந்தது உன் கை. அதைச் சொல்லிவிட்டேன். நீ பஸ் ஏறியபோது ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, மறுநாள் நீ நிற்க வேண்டாமே என்று. வீட்டுக்கு வந்தால் உன் விரலைப் பார்க்க வேண்டும். அதனால்தான் வரவில்லை.

நான் பாவி. எனக்குப் பயமாக இருக்கிறது.

பாலையா

*

வரதய்யபாளையம்
11 செப்டம்பர் 2025

மாமா,

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு இறங்குகிற வரைக்கும் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் மங்கியது தப்பில்லை. அதை மறைக்க ஒரு குழாய் வாங்கி, எந்தக் குழாய் நல்லது என்று என்னிடமே யோசனை கேட்டு, அதை வைத்து என்னையே நிற்க வைத்துச் சுடப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த ஊரிலாவது இப்படி ஒரு புருஷன் உண்டா? நேரில் இருந்திருந்தால் துப்பாக்கியைப் பிடுங்கி உங்கள் முதுகிலேயே இரண்டு போட்டிருப்பேன். எழுதும்போதே அழுகை வருகிறது, அதற்குள் சிரிப்பும் வருகிறது, என்ன ஜென்மமோ நான்.

கேளுங்கள். கம்பெனியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஹரிதாவிடமும் சொல்லிவிட்டேன், மறைத்தது போதும். சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். "நைனாவ நான் வந்து கேட்டுக்கிறேன்" என்று கத்தினாள். நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் எதையும் சாப்பிடாமல் என்னோடு கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்கள். மெஸ்காரனிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த ஸ்கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அது பாஸ் ஆன சரக்கு.

இன்றைக்கே உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் பேச வேண்டாம், நான் வந்துவிடுகிறேன்.

பிரேமா

*

திருச்சானூர்
18 நவம்பர் 2025

பிரேமாவுக்கு,

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று திட்டுவாய். இதை ஃபோனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஆன கண்ணைப் போன வாரம் மறுபடி காட்டினேன். புரை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது, இனி துப்பாக்கி பிடிக்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் உள்ளே நரம்பு கெட்டுவிடும் என்று மிரட்டித்தான் அனுப்பினார். ஹரிதா சித்தூரில் இருந்து தினமும் ஃபோன் போட்டு மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்கிறாள். பெண்ணைப் பெற்றேனா, போலீஸைப் பெற்றேனா தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று பிரம்மோற்சவம் ஆரம்பம். கடையைத் திறந்தேன். ஸ்கோப்பை மறுபடி மாட்டி, முதல் தடவையாகச் சரியான கண்ணால் அதில் பார்த்தேன் பிரேமா. சாக்பீஸில் ஒட்டியிருந்த நூலிழை தெரிந்தது. நாலாயிரத்து எண்ணூறுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது, நீ சொன்னது சரிதான்.

கூட்டம் சேர்ந்ததும் மைக்கை எடுத்தேன். தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன். "மே மாசம் கங்கம்மா ஜாத்திரையில என் பொண்டாட்டி கை ஆடிச்சின்னு இதே மைக்குல சொன்னேன். அது பொய். அது கை ஆடல. எனக்குக் கண்ணு தெரியல. பதினாறு வருஷமா அது கை ஒரு நாளும் ஆடினதில்ல!" அவ்வளவுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மணியம்மா வளையலை விட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினாள். அப்புறம் பலகை மேல் களிமண் உருண்டை வைத்து, அதில் சாக்பீஸைக் குத்தி நிறுத்திச் சுட்டேன். முதல் குண்டிலேயே உடைந்தது.

இனிமேல் களிமண்தான். உன் விரலுக்கு எதிரே நான் துப்பாக்கியைத் தூக்க மாட்டேன், நீயே கேட்டாலும் மாட்டேன். கடைக்கு வா, என் பக்கத்தில் நில். 25ஆம் தேதி பஞ்சமி தீர்த்தம், அதோடு உற்சவம் முடிகிறது.

உன்
பாலையா

*

வரதய்யபாளையம்
21 நவம்பர் 2025

மாமாவுக்கு,

ஒரே பக்கத்தில் இத்தனை விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து பழையபடி சின்னதாகிவிட்டது. படிக்க நான்தான் காகிதத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கும் கண்ணாடி வரும் போலிருக்கிறது.

களிமண் நல்ல யோசனை. ஆனால் நான் அங்கே வந்ததும் முதல் சாக்பீஸை நான்தான் சுடுவேன். பதினாறு வருஷம் எதிரில் நின்றேன், ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நீங்கள் பலூன் ஊதுங்கள். பஞ்சமிக்கு முதல் நாளே, 24ஆம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறோம்.

இன்னொரு விஷயம். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் மைக்கில் சொன்னதை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போது காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஃபேன் காற்று என்றுதான் நினைத்தேன். ரேஷ்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் போடவே இல்லியேக்கா" என்றாள்.

என் கை நடுங்கியது, மாமா.

பிரேமா